குறிப்பிடும்படி ஒன்றுமில்லை

ஆங்கிலம் நான் பள்ளிக்கூடத்தில் படித்ததல்ல. குமுளியில் ஜீப் ஓட்டிப் படித்தது. வெளியூர்க்காரர்களை ஏற்றிக்கொண்டு ஏலத்தோட்டம், தேயிலைத் தோட்டம், வியூ பாயிண்ட் என்று சுற்றிக் காட்டுகிற பிழைப்பு என்னுடையது. பின்சீட்டில் அவர்கள் வாயிலிருந்து உதிர்ந்ததை முன்சீட்டில் இருந்தபடி பொறுக்கிக்கொண்டேன். எல்லாம் பெரிய பெரிய வார்த்தைகள். வளைவு திரும்பினால் ஒரு அமேசிங். மூடுபனி இறங்கினால் ஒரு வொண்டர்ஃபுல். வழியில் யானை விட்டை கிடந்தால்கூட இறங்கிப்போய்ப் படம் எடுத்துக்கொண்டு அன்பிலீவபிள் என்பார்கள். இத்தனை வருஷத்தில் எங்கள் மலையைப் பார்த்து ஒருத்தர்கூடச் சின்ன வார்த்தை சொன்னதில்லை.

சின்ன வார்த்தைகளை எனக்கு ஆஸ்பத்திரிதான் கற்றுக்கொடுத்தது. நார்மல், ஆர்டினரி, ஜெனரல், ரொட்டீன், யூஷுவல், மைல்ட். விசேஷமில்லாத ஒன்றைச் சொல்வதற்கு ஒரு பாஷைக்கு இத்தனை வார்த்தை எதற்கு? நம்மிடம் ‘சாதாரணம்’ என்று ஒன்று இருக்கிறது, ‘சும்மா’ என்று ஒன்று இருக்கிறது, அதை வைத்துக்கொண்டு நாம் காலம் தள்ளவில்லையா? அவர்களுக்குப் போதவில்லை. ஒவ்வொன்றாக எடுத்து என் மனைவியின் உடம்பில் ஒட்டினார்கள். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் எஸ்டேட்டில் கொழுந்தெடுக்கிறவள். குமுளியிலிருந்து வண்டிப்பெரியார் போகிற ரோட்டை விட்டு உள்ளே தள்ளி, செங்குத்தான சரிவில் இருக்கிறது தோட்டம். நாங்கள் குடியிருக்கிற லயத்து வீடு, எஸ்டேட் கட்டிய வரிசை வீடுகளில் ஒன்று, அவள் பேரில் கொடுத்தது. அவள் வேலைக்குப் போகிற வரைக்கும்தான் வீடு. என் சம்பாத்தியம் சீசனை நம்பியது. மழை பிடித்துக்கொண்டால் வண்டி ஸ்டாண்டில் கிடக்கும், நானும் அதோடு கிடப்பேன். ஆகக்கூடி எங்கள் தலைக்கு மேலே இருக்கிற கூரையை அவள் இடுப்புதான் தாங்கிக்கொண்டிருந்தது. அந்த இடுப்புக்குத்தான் வினை வந்தது.

முன்பு கொழுந்தைக் கையால் கிள்ளிக்கொண்டிருந்தார்கள். இப்போது கத்திரி. ஒரு பக்கத்தில் தட்டும் பையும் மாட்டிய பெரிய கத்திரி. சரிவில் ஒரு கால் மேலே, ஒரு கால் கீழே ஊன்றி, குனிந்த வாக்கில் செடியின் தலைமட்டத்துக்கு வெட்டிக்கொண்டே போக வேண்டும். வெட்டியதைச் சாக்கில் அமுக்கி, தலையில் ஏற்றி, எடை போடுகிற இடத்துக்கு இறங்க வேண்டும். போன மழைக்காலத்தில் சாக்கோடு இறங்கும்போது அவளுக்குக் கால் வழுக்கியது. விழவில்லை, ஒரு செடியைப் பிடித்துச் சமாளித்து நின்றுவிட்டாள். விழுந்து தொலைத்திருந்தால் ஓர் எலும்பாவது முறிந்திருக்கும், நோவுக்கு ஒரு பேராவது கிடைத்திருக்கும். நெஞ்சு கொதித்துச் சொல்கிறேன், தப்பாக நினைக்க வேண்டாம்.

வலியைச் சொல்வதில் என் மனைவி கெட்டிக்காரி. காலையில் எழுந்ததும் “விண்ணு விண்ணுனு தெறிக்குது” என்பாள். நாலடி நடந்தால் அது கடுக்கும். கத்திரியைத் தூக்கினால் சுரீர் என்று இழுக்கும். சாயங்காலம் வந்து சுவரில் சாய்ந்தால் குடையும். படுத்த பிறகு மதமதவென்று ஆகிவிடும், கால் தன் கால் மாதிரியே இல்லை என்பாள். ஒவ்வொன்றும் வேறு வேறு வலி, ஒன்றுக்குச் சொன்னதை இன்னொன்றுக்குச் சொல்ல மாட்டாள். கேட்டுக் கேட்டு எனக்கே இடுப்பு நோக ஆரம்பித்தது.

எங்கள் தோட்டத்தில் லைட் வேலை என்று ஒன்று உண்டு. நர்சரியில் உட்கார்ந்து பிளாஸ்டிக் பையில் மண் நிரப்புவது, நாற்றுக்குத் தண்ணீர் தெளிப்பது, இப்படி. சம்பளம் வரும், வீடும் போகாது. ஆனால் அதற்கு டாக்டர் எழுதித் தர வேண்டும். எழுதுவதற்கு நோய்க்கு ஒரு பேர் வேண்டும். அந்தப் பேர் ஒன்றுதான் எங்களுக்கு வேண்டியிருந்தது. அது கிடைத்தால் அவள் உட்கார்ந்து வேலை செய்யலாம். கிடைக்காவிட்டால் அந்த இடுப்போடு மலை ஏற வேண்டும், இல்லையென்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

டாக்டரைப் பார்க்கப் போவதற்கு எங்கள் ஆட்களிடம் ஒரு முறை இருக்கிறது. குளித்து, தலை சீவி, இருப்பதில் நல்ல சேலையைக் கட்டி, பவுடர் போட்டுக்கொண்டு போக வேண்டும். படித்த மனுஷர் முன்னால் அலங்கோலமாகப் போய் நிற்கக் கூடாது. அவர் எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் நல்லா இருக்கேன் என்றுதான் முதலில் சொல்ல வேண்டும். வாய் நிறைய நலம் விசாரிக்கிறவரிடம் எடுத்த எடுப்பிலேயே நோவைக் கொட்டுவது மரியாதை இல்லை, தரித்திரமும்கூட. அவர் இரண்டாவது தடவை கேட்பார், அப்போது சொல்லிக்கொள்ளலாம் என்று காத்திருப்பார்கள். எந்த டாக்டருக்கு இரண்டாவது தடவை கேட்க நேரம் இருக்கிறது?

தோட்டத்து டிஸ்பென்சரியில் அதுதான் நடந்தது. கல்யாண வீட்டுக்குப் போகிறவள் மாதிரி போய் நின்றாள். எப்படி இருக்கு என்று டாக்டர் கேட்டார். “நல்லா இருக்கேங்கய்யா” என்று சிரித்தாள். கட்டிலில் ஏறிப் படுக்கச் சொன்னார். பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே எட்டில் ஏறிப் படுத்தாள், அவர் கை கொடுக்க வரும்படி ஆகிவிடக் கூடாதாம். நான் வாயைத் திறப்பதற்குள் எழுதி முடித்துவிட்டார். ஆர்டினரி வேலைக்கு ஃபிட். ஆர்டினரி வேலை என்றால் எது சார் என்று கேட்டேன். வழக்கமாகச் செய்கிறதுதான் என்றார். அந்த வழக்கத்தை ஒரு நாள் சரிவில் நின்று பார்த்திருந்தால் தேவலை. வெளியே வந்து நான் சத்தம் போட்டேன்.

“நல்லா இருக்கேன்னு எதுக்குடி சொன்ன?”

“அவரு கேட்டாருல்ல? பின்ன என்னத்தச் சொல்ல?” என்றாள்.

பிறகு பஸ் பிடித்து மலை இறங்கிக் கம்பத்துக்குப் போய் ஸ்கேன் எடுத்தோம். அறிக்கை முழுக்க ஆங்கிலம். எனக்குப் பேசத் தெரிந்த ஆங்கிலம் வேறு, அச்சடித்த ஆங்கிலம் வேறு. கோயம்புத்தூரில் நர்ஸிங் படிக்கிற மகளுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். அவள் போனில் வரிசையாக வாசித்தாள். லிவர் அன்ரிமார்க்கபிள். கிட்னி இரண்டும் அன்ரிமார்க்கபிள். கர்ப்பப்பை அன்ரிமார்க்கபிள். முதுகெலும்பும் அன்ரிமார்க்கபிள். அது என்ன எழவு வார்த்தை என்று கேட்டேன். குறிப்பிடும்படி ஒன்றுமில்லை என்று அர்த்தமாம். நல்ல வார்த்தைதான்ப்பா, சந்தோஷப்படுங்க என்றாள்.

குறிப்பிடும்படி ஒன்றுமில்லையா? எனக்கு வந்ததே ஆத்திரம். என் மகளைச் சுமந்த வயிறு அது. அவள் பிறப்பதற்கு முந்தின வாரம்வரைக்கும் உள்ளே பிள்ளையும் தலையில் சாக்குமாக மலை இறங்கின முதுகெலும்பு அது. முகம் தெரியாத ஒரு மனுஷன் ஏசி ரூமில் உட்கார்ந்து, பார்த்தேன், சொல்ல ஒன்றுமில்லை என்று எழுதிவிட்டான். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும் என்று சும்மாவா சொன்னார்கள்.

ஆனால் பொய் சொல்லக் கூடாது, அடிவயிற்றில் நிம்மதியும் இருந்தது. கெட்ட வியாதி எதுவும் இல்லையே. நோய் இருந்துவிடக் கூடாது சாமி என்று ஒரு பக்கம் கும்பிட்டு, ஏதாவது சின்னதாக இருந்தால் தேவலையே என்று இன்னொரு பக்கம் ஏங்குகிற நிலைமை எதிராளிக்கும் வரக் கூடாது. கம்பம் பஸ் ஸ்டாண்டில் அவள் இளநீர் குடித்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் இல்லையாம் என்று சொன்னேன். “அப்ப எனக்கு வலிக்கிறது பொய்யா?” என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே சந்தேகமாகக் கேட்டாள். ஒரு காகிதம் சொன்னதற்காகத் தன் இடுப்பையே அவள் சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டாள்.

அந்த வாரத்தில் வடநாட்டுக் குடும்பம் ஒன்றை ஏற்றிக்கொண்டு போனேன். எங்கள் தோட்டத்துப் பக்கம் வந்ததும் நிறுத்தச் சொன்னார்கள். மேலே சரிவில் பெண்கள் வரிசையாகக் குனிந்து வெட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தம்மாள் இறங்கி நின்று, எவ்வளவு அமைதியான வாழ்க்கை என்று பெருமூச்சு விட்டாள். அந்த வரிசையில் ஓரமாக என் மனைவி இருந்தாள். தூரத்திலிருந்தே எனக்குத் தெரிந்தது, நிமிரும்போதெல்லாம் இடக்கையை இடுப்பில் கொடுத்து முட்டுக்கொடுத்து நிமிர்ந்தாள். எஸ் மேடம், வெரி நைஸ் என்றேன். வேறு என்ன சொல்ல? படம் எடுத்து முடிக்கும்வரை இஞ்சினை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

விடக் கூடாது என்று தீர்மானித்தேன். மலைக்குக் கீழே மலையாளத்துப் பக்கம் ஒரு பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது, அங்கே கூட்டிப்போகலாம் என்றேன். இந்தத் தடவை நான் சொல்கிறபடிதான் வர வேண்டும், பழைய சேலை, பவுடர் கூடாது, தலையைச் சீவக் கூடாது, டாக்டரைக் கண்டதும் ஐயோ என்று முனக வேண்டும் என்று பாடம் நடத்தினேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“என்னய எழவு வீட்டுக்கா கூட்டிட்டுப் போறீங்க? தலை சீவாமயெல்லாம் நான் வரமாட்டேன்.”

நான் பவுடர் டப்பாவை ஒளித்து வைத்தேன். அவள் பக்கத்து வீட்டில் வாங்கிப் பூசிக்கொண்டு வந்தாள். பஸ்ஸில் அவளோடு பேசாமல் வந்தேன். கூட்டத்தில் நின்றே வந்தாள் என்பதை இறங்கும்போதுதான் கவனித்தேன். எனக்குக் கிடைத்த சீட்டைக் கொடுத்திருக்கலாம், ஆனால் பஸ் குலுங்குகிற குலுக்கலில் உட்கார்ந்தால்தான் அதிகம் குடையும் என்று அவளே சொன்னாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர். எந்தா புத்திமுட்டு என்று மலையாளத்தில் கேட்டார். என்ன கஷ்டம் என்று நேராகவே கேட்கிறார், இதைவிட நல்ல கேள்வி வேறெதுவும் வேண்டாம். இவள் கைகூப்பி, சுகந்தான் சாரே, இடுப்புதான் கொஞ்சம் வலி என்றாள். கொஞ்சமாம்! நான் பொறுக்க முடியாமல் இடையில் புகுந்து, சார், கொஞ்சமில்லை, ராத்திரி பகல் கிடையாது என்று ஆரம்பித்தேன். அவர் என்னைக் கையமர்த்தினார். நோயாளி சொல்லட்டும் என்றார். நோயாளி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மைல்ட் என்று எழுதி, மாத்திரை எழுதி, அடுத்த அறையில் காட்டிவிட்டுப் போகச் சொன்னார்.

வராந்தாவில் நாங்கள் போட்ட சண்டை ஊருக்கே கேட்டிருக்கும். அடுத்த அறையிலிருந்த சின்ன வயது டாக்டரம்மாவுக்குக் கேட்டது. கதவைத் திறந்து, “தமிழுங்களா? உள்ள வந்து சண்டை போடுங்க” என்றாள். பாலக்காட்டுக்குக் கிழக்கே எலப்புள்ளிப் பக்கத்துப் பெண்ணாம். பேச்சில் கோயம்புத்தூர் வாடை அடித்தது. எனக்கு வந்த ஆறுதலைச் சொல்லி மாளாது. எங்கள் காகிதக் கட்டு அவ்வளவையும் புரட்டிப் பார்த்தாள். பிறகு அதை மூடி ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு, என் மனைவியிடம் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அதுவரை யாருமே கேட்காத ஒன்றைக் கேட்டாள்.

“அக்கா, வலியே இல்லாம இருந்தீங்கல்லங்க, அது எப்பங்க? அப்ப எப்படி இருந்துச்சு?”

என் மனைவி யோசித்தாள். மேலே மின்விசிறியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். கணக்குக்கு விடை தெரியாத பிள்ளை மாதிரி முழித்தாள்.

“வலி இல்லாமயா? மலைக்குப் போற பொம்பளைக்கு அது எப்பிடிம்மா இல்லாம இருக்கும்? கழுத்து, தோளு, முட்டி, மணிக்கட்டு எல்லாம் எப்பவும் உள்ளதுதான. அது எல்லாருக்கும் இருக்கும். அதயுமா சொல்லணும்? நான் இப்ப வந்தது இந்தப் புதுசா வந்ததுக்கு.”

டாக்டரம்மா எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்துவிட்டாள். விண்ணு விண்ணு, சுரீர், குடைச்சல், மதமதப்பு என்று நான் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்து வைத்திருந்தேனே, அவ்வளவும் புதுசின் பேர்கள். பழசு ஒன்று இருக்கிறது, கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இருக்கிறது, அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. என்னிடமும் சொன்னதில்லை. மழை பெய்கிறது என்று எங்கள் ஊரில் யாராவது மெனக்கெட்டுச் சொல்வார்களா? அந்த மாதிரி.

அந்தப் பெண் அவளைப் படுக்க வைத்து, கழுத்திலிருந்து அழுத்திப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஒவ்வோர் இடத்திலும் இங்கீங்களா என்று கேட்டாள். என் மனைவி ஒவ்வோர் இடத்துக்கும், ஆமா, அது எப்பவும் உள்ளது என்றாள். அழுத்துகிற விரல் எங்கே வைத்தாலும் எப்பவும் உள்ளதாகவே இருந்தது. நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன். கடைசியில் அந்தப் பெண் ஒரு பக்கம் நிறைய எழுதினாள். வேலையால் வந்த தேய்மானம், கழுத்து முதல் முட்டி வரை, குனிகிற வேலையும் பாரம் சுமப்பதும் கூடாது, லைட் வேலை தர வேண்டும் என்று எழுதி, பெரிய டாக்டரிடம் தானே போய்ச் சொல்லிக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு வந்தாள். கும்பிடத்தான் தோன்றியது. வயதில் மகளைவிடக் கொஞ்சம் மூத்தவள், கும்பிட்டால் சங்கடப்படுவாள் என்று விட்டுவிட்டேன்.

அன்றைக்கு ஹோட்டலில் பரோட்டா சாப்பிட்டோம். அவளோடு நான் ராசியானேன். நர்சரியில் உட்கார்ந்து வேலை பார்த்தால் குண்டாகிவிடுவேன் என்று அவள் என்னிடம் கவலைப்பட்டாள். குண்டானால் ஜீப்பில் முன்சீட்டில் இடமில்லை, பின்னால்தான் என்றேன். அவ்வளவு சிரித்து நான் பார்த்து நாளாகியிருந்தது.

மறுநாள் காலை மஸ்டரில், வேலை பிரித்துக் கொடுக்கிற இடத்தில், டிவிஷன் ஆபீசரிடம் கொண்டுபோய்க் கொடுத்தோம். மலையாளி, கெட்ட மனுஷர் இல்லை. எங்கள் மகள் சடங்குக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போனவர்தான். முழுக்கப் படித்தார். இரண்டாவது தடவையும் படித்தார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிடாமல், எல்லாப் பெண்களும் கேட்கும்படியே சொன்னார்.

“இதுல எழுதியிருக்கிறது எல்லாருக்கும் உள்ளதாக்கும். கழுத்து, தோளு, நடுமுதுகு, முட்டு. இது நோவுன்னா என்னோட டிவிஷன்ல ஒருத்தி மலைக்குப் போக முடியுமா? எல்லாரையும் நர்சரியில இருத்தவா? நீயே சொல்லு.”

வேண்டுமானால் வேலைக்கே லாயக்கில்லை என்று எழுதி வாங்கிக்கொண்டு வரச் சொன்னார். அதற்கு வழி இருக்கிறது, ஆனால் வீடு ஒழிய வேண்டும் என்றார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

திட்டுவதற்கு வாய் நிறைய வைத்திருந்தேன். சுற்றி நின்ற பெண்களைப் பார்த்தேன். ஆளாளுக்குக் கத்திரியைத் தோளில் சாய்த்து, இடுப்பில் படங்குச் சாக்கு கட்டி, ஏதோ ஒரு காலுக்குப் பாரத்தை மாற்றி மாற்றி நின்றுகொண்டிருந்தார்கள். அவர் சொன்னது உண்மைதான். ஒருத்தி என்னைப் பார்த்து, போனதுதான் போனீங்க, எங்களுக்கும் சேத்து எழுதி வாங்கிட்டு வந்திருக்கலாம்லண்ணே என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். என் மனைவியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கத்திரியை எடுத்துக்கொண்டு அவர்களோடு ஏறிப் போய்விட்டாள். டாக்டரம்மா எழுதிக் கொடுத்தது, ஆபீசர் திருப்பித் தந்தது, மடித்த மடிப்போடு என் சட்டைப் பையில் இருந்தது.

அன்றைக்கு நான் வண்டி எடுக்கவில்லை. சாயங்காலம் வீட்டில் உலை வைத்தேன், அவளுக்கு வெந்நீர் போட்டேன், லயத்து வாசலில் உட்கார்ந்து வழியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இருட்டுவதற்குள் வந்தாள். கத்திரியை மூலையில் சாய்த்துவிட்டுச் சுவரோரம் மெள்ள உட்கார்ந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்து, இப்ப எப்படி இருக்கு, வலி எங்கே என்று கேட்டேன்.

“எதக் கேக்கிறீங்க?” என்றாள். “புதுசயா, பழசயா?”

அவள் கேலி செய்யவில்லை. எதைக் கேட்கிறேனோ அதைச் சரியாகச் சொல்லிவிடலாம் என்று காத்திருந்தாள். ரெண்டையும் சொல்லு என்றேன். கழுத்திலிருந்து ஆரம்பித்தாள். அடுப்பில் சோறு அடிப்பிடித்த வாசனை வந்தபோது அவள் இன்னும் தோளைத் தாண்டியிருக்கவில்லை.